நீலப்புகை விட்ட பவர் வீடர்: 60 மணி நேரத்தில் தேய்ந்த புதுப் பிஸ்டன்

போன கோடையில் மூலனூர்ப் பக்கத்து முருங்கைத் தோப்பிலிருந்து ஒரு பவர் வீடர், அதாவது களையெடுக்கும் சிறு இயந்திரம், என் பட்டறைக்கு வந்தது. ஹோண்டா ஜிஎக்ஸ் 200 இன்ஜின் பூட்டியது. 196 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் பெட்ரோல் இன்ஜின். வாங்கி நாலு வருடம். கொண்டுவந்தவர் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். டெம்போவிலிருந்து இறக்கும்போதே சொல்லிவிட்டார்: "தம்பி, இதுக்குப் பிஸ்டன் மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலைங்க. மறுபடியும் ஆயில் குடிக்குது. பார்த்துச் சொல்லுங்க. ஆகாதுன்னா எடைக்குப் போட்டுடறேன்."

இரண்டு மாதத்தில் வண்டி எவ்வளவு ஓடியது என்று கேட்டேன். பெட்ரோல் வாங்கிய கணக்கை வைத்து இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்ததில் 60 மணி நேரத்துக்குள்தான் வந்தது. சரியாகப் பார்த்துக்கொண்டால் பல நூறு மணி நேரம் தாங்க வேண்டிய பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்கும் அது. இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று சொல்வது இங்கே பெரிய வேலை இல்லை, புகையைப் பார்த்த யாரும் சொல்லிவிடுவார்கள். எதனால் தேய்ந்தது என்று யாரும் தேடவில்லை. அதனால்தான் வண்டி இரண்டாவது முறை வந்திருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

முன்கதையைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. அப்புறம் பிளேடு மண்ணில் இறங்கியதும் இழுவை குறைய ஆரம்பித்தது. கார்பரேட்டரில் குப்பை என்று ஒருவர் கழற்றிச் சுத்தம் செய்தார். கொஞ்ச நாள் ஓடியது. மறுபடி அதே தொல்லை, மறுபடி கார்பரேட்டர். மூன்றாவது முறையும் கழற்றியாயிற்று, பிளக் இரண்டு மாற்றியாயிற்று. புகை வந்த பிறகு வேறொரு பட்டறையில் பிஸ்டன் கிட் போட்டார்கள். இந்த மூன்று கார்பரேட்டர் வேலையும் பின்னால் முக்கியமாக வரும்.

திறப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்தேன். கயிறு ஏழெட்டு தடவை இழுத்த பிறகுதான் பிடித்தது. கயிற்றில் எதிர்ப்பே இல்லை, கிணற்று வாளியில் தண்ணீர் இல்லாமல் இழுக்கிற மாதிரி லேசாக வந்தது. ஓட ஆரம்பித்ததும் சைலன்சரில் நீலப்புகை. ஆக்சிலரேட்டர் கூட்டினால் புகையும் கூடியது. கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது கார்பரேட்டரும் ஃபில்டரும் சம்பந்தப்பட்டது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் எரியும் இன்ஜினுக்கு எத்தனை முறை கார்பரேட்டர் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. பிளக்கைக் கழற்றினால் முனை ஈரக் கருப்பாக, தொட்டால் கையில் ஆயில். அளவுக்கம்பியின் நுனியில்கூட ஆயில் எட்டவில்லை. இந்த இன்ஜினுக்கு மொத்தமே 0.6 லிட்டர்தான் ஆயில். பம்பு கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி ஆயிலை வாரி இறைத்துத்தான் எல்லா இடமும் நனைகிறது. கால் லிட்டர் குறைந்தாலே அந்தக் கரண்டிக்கு எட்டாமல் போக ஆரம்பிக்கும்.

அடுத்து வால்வு கேப், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இருக்க வேண்டும். இதில் 0.10, 0.08 இருந்தது. வால்வு தன் இருக்கையைத் தின்று மேலே ஏறினால் கேப் இப்படித்தான் குறையும். கேப் சரிசெய்ததும் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அண்ணன் முகம் மலர்ந்தது. ஆனால் புகையில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டார்ட் ஆகாதது ஒரு நோய், ஆயில் குடிப்பது இன்னொரு நோய். ஒன்று தீர்ந்ததும் மற்றதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வண்டியை அனுப்பியிருந்தால் பத்து நாளில் திரும்பி வந்திருக்கும்.

இந்த வகை இன்ஜினில் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜை மட்டும் நம்ப முடியாது. கயிறு இழுக்க லேசாக இருக்கட்டும் என்று வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலேயே ஒரு சிறு எடை வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போது அது எக்ஸாஸ்ட் வால்வைத் துளி தூக்கிக் காற்றை வெளியே விடும். அதனால் நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைத்துக் காட்டலாம். நான் காற்று ஏற்றித்தான் பார்ப்பேன். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் டயர் டியூபின் வால்வுத் தண்டைப் பற்றவைத்து வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் வீச்சின் உச்சியில் நிறுத்தி, இதைப் பிளக் ஓட்டையில் முறுக்கி, கம்ப்ரசரில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்று கொடுத்தேன். 40 பவுண்டு சாதாரணமாகத் தெரியும். ஆனால் 68 மி.மீ. பிஸ்டன் தலைமேல் அது ஏறக்குறைய 100 கிலோ எடை உட்காருவதற்குச் சமம். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் கிராங்க் வெடுக்கென்று சுற்றிவிடும். பிளேடைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பிளை வீல் நட்டில் நீளமான கைப்பிடி போட்டு ஒருவர் அழுத்திப் பிடிக்காமல் இதைச் செய்யவே கூடாது.

காற்று எங்கே போகிறது என்று காது வைத்துக் கேட்டேன். சைலன்சரில் மெல்லிய சீறல், எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் விடுகிறது. கார்பரேட்டர் வாயில் சத்தமே இல்லை. ஆயில் ஊற்றும் துளையில் கை வைத்தால் ஊதுகுழலில் ஊதுகிற மாதிரி காற்று வந்தது. ரிங்கைத் தாண்டி கீழே போகிறது. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி காற்று கொடுத்தால் அந்தச் சீறல் பாதியாகக் குறைந்தது. ரிங்கின் இடுக்கை ஆயில் அடைத்ததால்தான் குறைந்தது, சந்தேகம் தீர்ந்தது.

அப்புறம்தான் ஏர் ஃபில்டர் பக்கம் போனேன். முதலில் அங்கே போயிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். மூடியைத் திறந்தால் காகித ஃபில்டர் மட்டும் இருந்தது, அதன்மேல் போர்த்தியிருக்க வேண்டிய ஸ்பான்ஜ் இல்லை. "அது உதிர்ந்து போச்சுங்க தம்பி, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். காகிதத்தை எடுத்து உள்ளே டார்ச் அடித்து இருட்டில் பார்த்தேன். மடிப்புகளின் ஓரத்தில் நாலைந்து இடத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம். பஞ்சர் கடையில் ஏர் அடித்துச் சுத்தம் செய்வாராம். டயருக்கு அடிக்கிற வேகத்தில் காகிதத்துக்கு அடித்தால் தூசியோடு காகிதமும் போகும்.

ஃபில்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் இருக்கும் முழங்கைக் குழாயைக் கழற்றியதும்தான் விஷயம் முழுதாக விளங்கியது. முழங்கைக்கும் கார்பரேட்டருக்கும் இடையில் காற்று கசியாமல் அடைக்கும் பேக்கிங்கே இல்லை. உலோகத்தின் மேல் பிளாஸ்டிக் வெறுமனே உட்கார்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் ஃபில்லர் கேஜின் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) 0.30 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. கார்பரேட்டர் தொண்டையில் ஆள்காட்டி விரலை விட்டுத் தடவி எடுத்தேன். செம்மண் நிறத்தில் வழவழவென்று ஒரு குழம்பு. இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்தால் நறநறவென்றது. வால்வு உட்காரவைக்க நாம் கிரைண்டிங் பேஸ்ட் பூசுகிறோமே, கையில் அதே உணர்வு. வால்வு மூடியிலிருந்து வரும் மூச்சுக்குழாய் இந்த முழங்கைக்குள்தான் திறக்கிறது. தேய்ந்த ரிங்கைத் தாண்டி வந்த ஆயில் புகை அந்த வழியாக வந்து, இடுக்கில் நுழைந்த தூசியோடு கலந்து பேஸ்ட் ஆகி, மறுபடி சிலிண்டருக்குள் போயிருக்கிறது.

மூன்று முறை கார்பரேட்டரைக் கழற்றியதில் அந்தப் பேக்கிங் எப்போதோ கிழிந்திருக்கும், திரும்பப் போடாமலே மூடியிருப்பார்கள். இழுவை குறைவதற்குக் கார்பரேட்டர் காரணம் என்று நினைத்துச் செய்த வேலையே தூசிக்கு வாசல் திறந்துவிட்டது. ஃபில்டரையே தாண்டி வரும் வழி அது. ஃபில்டர் புதிதாகப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

எவ்வளவு காற்று போகிறது என்று ஒரு கணக்குப் போட்டு அண்ணனுக்குக் காட்டினேன். நிமிடத்துக்கு 3600 சுற்றில் 1800 தடவை இன்ஜின் மூச்சு இழுக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் ஒரு தடவைக்கு 196 சிசி என்று வைத்தால் நிமிடத்துக்கு 350 லிட்டர், மணிக்கு 21,000 லிட்டர். கோடையில் காய்ந்த செம்மண்ணைப் பிளேடு கிளப்பும் இடத்துக்கு ஒன்றரை அடி மேலே நின்றுகொண்டு இழுக்கும் காற்று அது. மண்ணில் இருக்கும் மணல் துகள் சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்ஜினைப் பிரித்தோம். வடித்த ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் அடியில் செம்பழுப்பு வண்டல். காந்தத்தை வைத்து இழுத்தால் கொஞ்சம்தான் ஒட்டி வந்தது, பெரும்பகுதி அசையவே இல்லை. இரும்புத் தூள் அல்ல, மண்.

ஹெட்டை எடுத்ததும் சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்துக் கீழே இழுத்தேன். ரிங் எட்டாத உச்சிப் பகுதிக்கும் ரிங் தேய்த்த பகுதிக்கும் நடுவில் நகம் தட்டியது. படி விழுந்திருக்கிறது. சுவரில் ஹோனிங் செய்த, அதாவது கல்லால் தேய்த்துப் போட்ட, குறுக்குக் கோடுகள் ஒன்றுகூட இல்லை, மேலிருந்து கீழாக மங்கலான கீறல்கள்தான். மேல் ரிங்கின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாகியிருந்தது. ஆயில் ரிங்கோ அவ்வளவு மோசமில்லை. தூசி எந்த வழியாக வந்தது என்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிடும். காற்றோடு வந்த தூசி மேல் ரிங்கையும் சிலிண்டரின் மேல்பாகத்தையும் அதிகம் தின்னும். ஆயிலோடு சேர்ந்த அழுக்கு என்றால் ஆயில் ரிங், பிஸ்டனின் அடிப்பாகம், கிராங்க் பின் எல்லாம் முதலில் போகும். கார்பரேட்டர் தொண்டையில் பார்த்த குழம்புக்கு இது இன்னொரு சாட்சி.

சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் எல்லாரிடமும் இருக்காது. என்னிடமும் அன்றைக்கு இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மேல் ரிங்கைப் பிஸ்டனிலிருந்து கழற்றி, சிலிண்டரில் போட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் முனைகளுக்கு இடையிலுள்ள கேப்பை ஃபில்லர் கேஜால் அளக்க வேண்டும். முதலில் மேலே, அப்புறம் அடியில். இதில் மேலே 1.30 மி.மீ., அடியில் 0.80. புது ரிங்குக்கு 0.20 முதல் 0.40 வரை இருக்கும், 1.0 தாண்டினால் ரிங் ஆகாது. வித்தியாசம் 0.50. அதை 3.14 ஆல் வகுத்தால் 0.16. அதாவது அடியைவிட மேலே சிலிண்டர் சராசரியாக 0.16 மி.மீ. அகன்றிருக்கிறது. ரிங் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் இரண்டு இடத்திலும் அளப்பது அதே ரிங்தான். பிறகு தாராபுரத்தில் லேத்தில் போர் கேஜ் வைத்துப் பார்த்தபோது மேலே ஒரு திசையில் 68.21, குறுக்கே 68.15, அடியில் 68.03, 68.02 என்று வந்தது. சராசரி எடுத்தால் அதே 0.16.

இந்தச் சிலிண்டரின் ஸ்டாண்டர்டு அளவு 68.00, அதிகபட்சம் 68.165 வரை அனுமதி. பிஸ்டன் அடிப்பாகம் 67.90 இருந்தது. 68.21இலிருந்து கழித்தால் 0.31 இடைவெளி. அனுமதி 0.12தான். முதல் தடவை பிஸ்டன் கிட் போட்டபோது சிலிண்டர் எந்த அளவில் இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. ஸ்டாண்டர்டு பிஸ்டனைத் தேய்ந்த சிலிண்டரில் ஹோனிங்கூட இல்லாமல் போட்டிருக்கிறார்கள். வழுவழுப்பான சுவரில் புது ரிங் உட்காராது. உட்காருவதற்குள் தூசியும் வேலையைத் தொடங்கிவிட்டது.

கடையில் ஸ்டாண்டர்டைவிட 0.25, 0.50 மி.மீ. பெரிய இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டனும் கிடைத்தன. 0.25 போட்டால் சிலிண்டரை 68.27 வரைதான் கடைய முடியும், தேய்மானமோ 68.21 வரை ஒரு பக்கமாகவே போயிருக்கிறது. கீறல் முழுதாக மறையும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. 0.50 எடுத்தேன். லேத்துக்குப் போகும்போது பிஸ்டனையும் கையோடு கொண்டுபோக வேண்டும், இதில் நான் பிடிவாதம். டப்பாவில் போட்ட அளவை நம்பிக் கடையக் கூடாது. மைக்ரோமீட்டரில் பிஸ்டன் 68.485 காட்டியது. 0.03 இடைவெளி விட்டு 68.515க்குக் கடைந்து, ஹோனிங் செய்து தரச் சொன்னேன். திரும்பி வந்ததும் மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளந்தேன், எல்லாம் 68.51க்கும் 68.52க்கும் நடுவில். நல்ல கை.

கிராங்க் பின் 29.96 இருந்தது. 29.92 வரை ஓட்டலாம், அதனால் கிராங்க், கனெக்டிங் ராட் இரண்டையும் மாற்றவில்லை. பேரிங்குகளைக் கழுவிக் காய வைத்துக் கையால் சுற்றினால் ஒன்றில் மணல் உரசும் சத்தம். இரண்டையும் மாற்றினேன். வால்வுகளைப் பேஸ்ட் போட்டு உட்காரவைத்து, பெட்ரோல் ஊற்றிக் கசிவு பார்த்தேன். இதெல்லாம் வழக்கமான வேலை.

ஹோனிங் முடிந்த சிலிண்டரைக் கழுவுவதுதான் நிறையப் பேர் அவசரப்படும் இடம். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்தால் சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் ஹோனிங் கல்லின் பொடி அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே தங்கியிருக்கும். சுடுதண்ணீரில் சோப்புப் பொடி கரைத்து, நைலான் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டு உள்ளே துடைத்தேன், சாம்பல் நிறம் வந்தது. மறுபடி கழுவினேன், மறுபடி சாம்பல். நாலாவது முறைதான் துணி வெள்ளையாகவே வந்தது. உடனே ஆயில் பூசிவிட வேண்டும், விட்டால் அரை மணி நேரத்தில் துரு பிடிக்கும். தூசி தின்ற இன்ஜினைச் சரிசெய்துவிட்டு நாமே உள்ளே பொடி வைத்து மூடினால் அதைவிடக் கொடுமை இல்லை.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள முக்கோணக் குறி புஷ் ராட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் எழுத்து மேலே. மூன்று ரிங்கின் வாய்களும் ஒரே நேராக வராமல் சுற்றிலும் பிரித்து வைக்க வேண்டும். கிராங்க் கியரிலும் கேம் கியரிலும் உள்ள புள்ளிகள் எதிரெதிரே வர வேண்டும். கனெக்டிங் ராட் போல்ட் 12 நியூட்டன் மீட்டர், ஹெட் போல்ட் 24, குறுக்கு மறுக்காக இரண்டு மூன்று தவணையில். ராட் அலுமினியம், அதற்குக் கை அளவை நம்பாமல் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சையே பிடிக்கிறேன்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் காற்றின் பாதை. புது ஸ்பான்ஜ், புதுக் காகிதம், முழங்கைக்குப் புதுப் பேக்கிங், ஃபில்டர் அடியில் ரப்பர் வளையம். ஸ்பான்ஜைச் சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைத்து நன்றாகப் பிழிந்து போட வேண்டும், ஆயில் இல்லாத ஸ்பான்ஜில் நுண்தூசி நிற்காது. முழங்கையைப் பூட்டியபின் சுற்றிலும் 0.05 தகடு வைத்துப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை.

இரண்டாவது இழுப்பில் பிடித்தது. முதல் சில நிமிடம் பூசிய ஆயில் எரிந்து புகை வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. சும்மா ஐடிலில் ஓட விடவில்லை. ரிங் உட்கார வேண்டுமென்றால் கொஞ்சம் பாரம் வேண்டும். ஈரமான பாத்தியில் ஆழமில்லாமல், ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கி ஓட்டச் சொன்னேன். 5 மணி நேரத்தில் ஆயில் மாற்றினோம், லேசான வெள்ளிப் பளபளப்பு இருந்தது, புது ரிங்குக்கு அது இயல்பு. 20 மணி நேரத்தில் மறுபடி மாற்றியபோது பளபளப்பு இல்லை, அளவுக்கம்பியில் ஆயில் மேல் கோட்டிலேயே நின்றது.

பாகங்களும் லேத் கூலியும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். அதில் முழங்கைப் பேக்கிங்கின் விலை ஒரு டீ, வடைக்கு ஆகும் காசு.

ஐந்து மாதம் கழித்து, 80 மணி நேரம் தாண்டியபின், அந்தப் பக்கம் போனபோது தோட்டத்துக்கே போய்ப் பார்த்தேன். வண்டி தென்னங்கீற்று நிழலில் நின்றது, ஃபில்டர் மூடி திறந்து கிடந்தது. முழங்கையைக் கழற்றி கார்பரேட்டர் தொண்டையில் விரலை விட்டு எடுத்தேன். விரல் சுத்தமாக வந்தது. ஸ்பான்ஜைக் காணோமே என்று கேட்பதற்குள் அண்ணன் வீட்டுப் பக்கம் கை காட்டினார். கொடியில் துண்டுக்கும் பாவாடைக்கும் நடுவில், கிளிப் மாட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வாரம் ஒருக்கா அலசிடறா உங்க அண்ணி. காஞ்சதும் ஆயில்ல முக்கிப் பிழிஞ்சு போட்டுடுவேன் தம்பி" என்றார்.